வில்லன் எங்கே பிறக்கிறான்?



உங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். காக்காமார் வாங்கி வந்த சித்திரக்கதைப் புத்தகம் கணக்குக் கொப்பிக்குள் ஒளிந்திருக்கும். காக்கா விளையாடப் போன நேரம் பார்த்து அதை எடுத்துக்கொண்டு நீங்கள் அடுப்படிக்குப் போவீர்கள். ஒரு கையில் அகப்பை, மறு கையில் புத்தகம். இரும்புக்கை மாயாவி கண்ணுக்கு மறைந்து எதிரியின் கோட்டைக்குள் நுழையும் நேரம் பார்த்து ஆணம் அடிப்பிடிக்கும். உம்மாவின் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

இன்று உங்கள் பிள்ளையின் கையில் புத்தகம் இல்லை, தொலைபேசி இருக்கிறது. ஆனால் அதற்குள் ஓடித் திரிபவர்கள் அதே வீரர்கள்தாம், அதே வில்லன்கள்தாம். உடை மாறியிருக்கிறது, சத்தம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கையில் திடீரென்று ஒரு கேள்வி கேட்பான். "உம்மா, இவன் ஏன் கெட்டவனா ஆனான்?" நாம் என்ன செய்கிறோம்? "போய்ப் படி" என்று விரட்டி விடுகிறோம். சகோதரிகளே, அந்தக் கேள்வியை விரட்டாதீர்கள். அதைவிடப் பெரிய கேள்வியை உங்கள் பிள்ளை உங்களிடம் கேட்கப் போவதில்லை. குறிப்பாக நமது மட்டக்களப்பு வாவிக்கரையில் வளரும் பிள்ளைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தே ஆக வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

திருடர்களாய்த் தொடங்கிய நாயகர்கள்

தமிழ்நாட்டின் சிவகாசியில் 1972ஆம் ஆண்டு 'முத்து காமிக்ஸ்' தொடங்கப்பட்டது. அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் அதே சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்' வந்தது. சென்னையிலிருந்து 'ராணி காமிக்ஸ்' வந்ததும் அதே ஆண்டுதான். இவை கடல் கடந்து இலங்கைக்கும் வந்தன. அட்டை கிழிந்து, நடுப்பக்கம் கழன்று போகும்வரை ஒரு புத்தகம் பத்து வீடு சுற்றியது.

இரும்புக்கை மாயாவி நம் மண்ணில் பிறந்தவன் அல்லன். 1962இல் பிரித்தானியச் சிறுவர் இதழ் ஒன்றில் பிறந்தவன். ஆய்வுகூட உதவியாளன் ஒருவன் விபத்தில் வலது கையை இழக்கிறான். அந்த இடத்தில் எஃகுக் கை பொருத்தப்படுகிறது. பின்னர் நடந்த மின்சார விபத்தினால் அவனுக்கு உடல் மறையும் சக்தி கிடைக்கிறது. உடல் முழுவதும் மறையும். எஃகுக் கை மட்டும் காற்றில் மிதக்கும். மின்சாரம் பாய்ந்தால் மாயமாகிவிடலாம் என்று நம்பி எத்தனை பிள்ளைகள் பிளக்கில் விரல் வைக்கப் போய் அடி வாங்கினார்கள்!

ஆனால் ஒன்றை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அந்தச் சக்தி கிடைத்ததும் அவன் முதலில் செய்தது நன்மை அல்ல. குற்றத்தில் இறங்கினான். தன் கையைப் பறித்த உலகத்தின்மீது அவனுக்குக் கோபம். பிறகுதான் மனம் மாறி, நிழற்படை என்ற இரகசியப் படையில் சேர்ந்து நல்லவர்களின் பக்கம் வந்தான்.

லயன் காமிக்ஸ் வாசகர்கள் கொண்டாடிய ஸ்பைடரின் கதையும் இதுவே. அவன் தன்னைக் குற்றவாளிகளின் சக்கரவர்த்தி என்று தானே அறிவித்துக்கொண்டு கதைக்குள் வந்தவன். வைரம் திருடினான், கூட்டாளி சேர்த்தான். அவனும் பிற்பாடுதான் குற்றவாளிகளை எதிர்க்கத் தொடங்கினான்.

ஆக, தமிழ்ப் பிள்ளைகள் தலையில் வைத்துக் கொண்டாடிய இருவரும் வில்லன்களாகப் பிறந்து வீரர்களாக மாறியவர்கள். வாசித்த நாளில் இது நம் கண்ணில் படவில்லை. இன்று, தாயாக இருந்து யோசிக்கும்போது படுகிறது.

சித்திரக்கதை நமக்குப் புதியதல்ல

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கூத்து" என்று மூத்தம்மா சொல்வார். உருவப்படப் புத்தகம் வீட்டுக்குள் வேண்டாம் என்று தடுத்த பெரியவர்களும் இருந்தார்கள். ஆனால் வீரனும் வில்லனும் வரும் கதைகள் நம் வீடுகளில் முன்பே இருந்தன. அலி (ரலி) அவர்களின் வீரத்தைப் பாடும் படைப்போர்ப் பாடல்களைத் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இராகம் போட்டு வாசித்தார்கள். கேட்டு வளர்ந்த பெண்கள் அவற்றை மனப்பாடமாகவே சொன்னார்கள்.

வட இந்தியாவில் அமீர் ஹம்ஸாவின் கதை இன்னும் பெரிதாக வளர்ந்தது. ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரை வைத்துக்கொண்டு கதை சொல்லிகள் பூதங்களையும் மாயக்காரர்களையும் பறக்கும் குதிரைகளையும் சேர்த்துக் கட்டிய கற்பனைக் கதை அது. வரலாறு அல்ல. முகலாயப் பேரரசர் அக்பர் அதில் மனம் பறிகொடுத்தார். 1562 அளவில் தொடங்கி ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஓவியர்களை அமர்த்தி, சுமார் 1,400 பெரிய ஓவியங்களாக அதை வரையச் செய்தார். முன்பக்கம் படம், பின்பக்கம் கதை. இது சித்திரக்கதை இல்லாமல் வேறென்ன?

அந்த ஓவியங்களில் ஒரு சிறு பகுதியே இன்று எஞ்சி, வியன்னா, லண்டன் போன்ற நகரங்களின் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. லண்டனில் உள்ளவற்றுள் சில, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காஷ்மீரத்து வீடொன்றின் ஜன்னலில் குளிர் அடைக்க ஒட்டப்பட்டிருந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டவை. அருமை தெரியாதவர் கையில் எதுவும் ஜன்னல் அடைக்கும் தாள்தான்.

கொள்ளைக்காரனின் மகன்

இந்திய மண்ணிலேயே பிறந்த நாயகர்களுக்கு வருவோம். டைம்ஸ் ஒஃப் இந்தியா நிறுவனம் 1964இல் 'இந்திரஜால் காமிக்ஸ்' என்ற வரிசையைத் தொடங்கியது. முதலில் அதில் வந்தவன் காட்டுக்குள் மண்டையோட்டுக் குகையில் வாழும் முகமூடி மாயாவி. வேதாளன் என்றும் நாம் அவனை அறிவோம். அமெரிக்கர் லீ ஃபோக் 1936இல் உருவாக்கிய பாத்திரம் அது. தந்தையைக் கடற்கொள்ளையர் கொன்றுவிட, கொன்றவனின் மண்டையோட்டின்மீது மகன் செய்த சபதத்திலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது.

1976இல் அதே இந்திரஜால் வரிசையில் இந்தியாவுக்கென்றே ஒரு நாயகன் வந்தான். பெயர் பகதூர். முகமூடி இல்லை, பறக்கும் சக்தி இல்லை. காவி நிற ஜிப்பாவும் ஜீன்ஸும் போட்ட வாலிபன். அவனை உருவாக்கியவர் ஆபித் சுர்தி. குஜராத்தில் 1935இல் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து பம்பாயில் வளர்ந்த எழுத்தாளர், ஓவியர். படம் வரைந்தவர் கோவிந்த் பிரம்மானியா.

பகதூரின் தந்தை கொள்ளைக்காரர். பொலிஸாருடன் நடந்த மோதலில் கொல்லப்படுகிறார். சிறுவனின் நெஞ்சில் ஒரே நெருப்பு: தந்தையைச் சுட்ட பொலிஸ் அதிகாரியைப் பழிவாங்க வேண்டும். இந்த இடத்தில் கதை எப்படியும் போயிருக்கலாம். தந்தையின் துவக்கை எடுத்தவன் தந்தையைவிடப் பெரிய கொள்ளைக்காரனாக ஆகியிருக்கலாம். ஆனால் தந்தையால் எத்தனை வீடுகள் அழிந்தன என்பதை அவன் விளங்கிக்கொள்கிறான். பழியைக் கைவிடுகிறான். ஊர் மக்களைச் சேர்த்துக் கொள்ளைக்காரர்களிடமிருந்து ஊரைக் காக்கும் குடிமக்கள் படை ஒன்றை அமைக்கிறான். அந்தப் பொலிஸ் அதிகாரியுடனேயே சேர்ந்து வேலை செய்கிறான்.

இது வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள். இந்தியாவின் சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்கு அந்நாளில் கொள்ளைக் கூட்டங்களின் கோட்டையாக இருந்தது. பழிக்குப் பழி என்று தொடங்கி, தலைமுறையாகத் துவக்குத் தூக்கியவர்கள் அவர்களில் பலர். 1960இல் வினோபா பாவே அந்தப் பள்ளத்தாக்குக்குள் நடந்து போனார். சிலர் அவரிடம் துவக்கை ஒப்படைத்தார்கள். 1972இல் ஜெயப்பிரகாஷ் நாராயணன் முன்னிலையில் நூற்றுக்கணக்கானோர் சரணடைந்தார்கள். பகதூரின் கதை வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. வில்லனும் மனிதன், திரும்பி வரக் கூடியவன் என்பதை நாடே கண்ணால் கண்டிருந்த காலம் அது.

தூக்கி எடுத்த கைகள்

இந்திரஜால் 1990இல் நின்றுபோனது. அதற்குள் டில்லியிலிருந்து 'ராஜ் காமிக்ஸ்' ஹிந்தியில் கொடிகட்டிப் பறக்கத் தொடங்கியிருந்தது. அதன் மூன்று பெரிய நாயகர்களின் தொடக்கக் கதையை மட்டும் கேளுங்கள்.

முதலாமவன் துருவா, 1987இல் வந்தவன். சர்க்கஸ் கூடாரத்தில் பிறந்து, மிருகங்களோடு வளர்ந்த பையன். போட்டி சர்க்கஸ்காரர்கள் வைத்த தீயில் தாயும் தந்தையும் கூடாரத்தோடு எரிந்து போகிறார்கள். அவனுக்கும் மாய சக்தி எதுவும் இல்லை. ஆனால் அந்த அநாதைப் பையனை ஒரு பொலிஸ் உயரதிகாரியின் குடும்பம் தன் வீட்டுக்குள் எடுத்துக்கொள்கிறது. அங்கே அவனுக்கு மீண்டும் ஒரு தாய் கிடைக்கிறாள், தங்கை கிடைக்கிறாள். அவன் வளர்ந்து குற்றவாளிகளைப் பிடிக்கிறான், கொல்வதில்லை.

இரண்டாமவன் டோகா, 1990களின் தொடக்கத்தில் வந்தவன். குப்பைமேட்டில் வீசப்பட்ட குழந்தை. அவனைத் தூக்கி எடுத்தவனும் ஒரு கொள்ளைக்காரன். பாசத்தினால் எடுக்கவில்லை. பொலிஸாரிடமிருந்து தப்பிக்கக் குழந்தையைக் கேடயமாகப் பிடிக்கலாம் என்று எடுத்தான். அங்கே கண்ட கொடுமைகள் அவன் நெஞ்சில் ஊறிவிட்டன. பிறகு பம்பாயில் அவனுக்கு ஓர் ஆசான் கிடைக்கிறார். பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: அத்ரக் சாச்சா. அத்ரக் என்றால் இஞ்சி! அவருடைய சகோதரர்களின் பெயர்கள் மஞ்சள், கொத்தமல்லி, மிளகு என்று போகின்றன. நம் அடுப்படி முழுவதும் அங்கே இருக்கிறது. சாச்சாமார் அவனுக்கு வீரம் கற்றுக்கொடுத்தார்கள், அன்பும் காட்டினார்கள். ஆனால் அந்த அன்பு பிந்தி வந்தது. டோகா நாயகன்தான், என்றாலும் நாய் முகமூடி போட்டு, விசாரணையின்றிச் சுட்டுத் தள்ளும் நாயகன். துருவாவையும் டோகாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் பட்ட காயம் ஒன்று. எடுத்த கை வேறு, எடுத்த நேரம் வேறு.

மூன்றாமவன் நாகராஜ், 1986இல் வந்தவன். உடலெங்கும் பாம்பு. இவனை உருவாக்கியவர் ஒரு பேராசிரியர். எதற்கு? பயங்கரவாதிகளுக்கு வாடகைக்கு விடக்கூடிய ஓர் உயிருள்ள ஆயுதமாக! அவன் தலைக்குள் ஒரு சிறு குளிசையைப் புதைத்து வைத்திருந்தார். அந்தக் குளிசை உள்ளே இருக்கும்வரை அவன் தன் புத்தியால் எதையும் யோசிக்க முடியாது. சொன்னதைச் செய்வான். ஒருநாள் ஒரு துறவி அதைக் கண்டுபிடித்து எடுத்துவிடுகிறார். அவ்வளவுதான். தன்னை ஏவியவர்களையே எதிர்த்து அவன் புறப்படுகிறான்.

சகோதரிகளே, அந்தக் குளிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

வில்லனுக்கு யார் முகம்?

வில்லன்களின் தொடக்கம் எப்படி? அங்கேயும் பெரும்பாலும் ஓர் ஆசையோ ஒரு காயமோதான் இருக்கும். சாச்சா சௌத்ரி கதைகளில் வரும் ராக்கா சாதாரணக் கொள்ளைக்காரன். வைத்தியர் ஒருவரின் அபூர்வ மருந்தைக் குடித்து, சாவே இல்லாத அரக்கனாகிவிடுகிறான். அவனை அடிக்க முடியாது, சுட முடியாது. தலைப்பாகை கட்டிய கிழவர் சாச்சா சௌத்ரி தன் மூளையால்தான் அவனை மடக்க வேண்டியிருந்தது.

ஆனால் தாய்மார் கவனிக்க வேண்டிய வேறொரு விஷயம் உண்டு. வில்லனுக்கு எந்த முகத்தை வரைகிறார்கள்? முகமூடி மாயாவியின் மூலக் கதையில் கடற்கொள்ளையர் கூட்டத்தின் பெயர் 'சிங்' என்றிருந்தது. இந்தியாவில் அது இலட்சக்கணக்கானோரின் பெயர். இந்திரஜால் பதிப்பாசிரியர்கள் அதைச் 'சிங்கா' என்று மாற்றினார்கள். மாயாவி வாழும் காட்டின் பெயர் வங்காளம் போல ஒலித்ததால் அதையும் 'டெங்காலி' என்று மாற்றினார்கள். ஓர் எழுத்துத்தான். ஆனால் அந்த ஓர் எழுத்து பல பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் 'கொள்ளைக்காரன்' என்ற கேலிப் பெயரிலிருந்து காப்பாற்றியிருக்கும்.

எல்லோரும் அந்தக் கவனம் காட்டவில்லை. 1967இல் ஆனந்த் பை தொடங்கிய 'அமர் சித்திரக் கதா' இந்தியப் பிள்ளைகளுக்குப் புராணமும் வரலாறும் ஊட்டிய பெரிய வரிசை. அதில் அக்பரும் உண்டு, நூர்ஜஹானும் உண்டு. அதே சமயம், பல வரலாற்றுக் கதைகளில் முஸ்லிம் என்றால் தாடியும் வாளுமாய் வரும் படையெடுப்பாளன் என்றே வரைந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவன் வில்லன் என்றால் அவன் செய்த செயலால் வில்லன். அவன் தாடியாலும் பொட்டாலும் உடையாலும் வில்லன் ஆவதில்லை. நம்மை அப்படி வரையும்போது நமக்கு நோகிறது. அப்படியானால் நம் பிள்ளை பிறரை அப்படி வரையும்போது நாம் பேசாமல் இருக்கலாமா?

நமது வாவிக்கரை

இப்போது தொடக்கத்தில் சொல்லிவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

நமது பகுதியில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று பெரியவர்கள் சொன்னார்கள். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்மா பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாசலிலும் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அடுத்த வாரமே ஏறாவூரில் வீடு வீடாகக் கொலை நடந்தது. செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் இருந்த தமிழ் மக்கள், பெண்களும் கைக்குழந்தைகளும் உட்பட, இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்த ஒரே வருடத்தில் இந்த வாவியைச் சுற்றி எத்தனை பிள்ளைகள் அநாதையானார்கள்! சித்திரக்கதையில் துருவாவின் தொடக்கமும் பகதூரின் தொடக்கமும் எதுவோ, அதுதான் இந்தப் பிள்ளைகளின் தொடக்கமும். வாப்பா இல்லை. காக்கா இல்லை. யார் கொன்றது என்று தெரியும். நெஞ்சில் நெருப்பு இருக்கிறது.

அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொல்லப் போகவில்லை. ஆசிரியர்களாக, கடைக்காரர்களாக, மீனவர்களாக, தாய்மார்களாக வளர்ந்தார்கள். இதற்கு யார் காரணம்? விதவையான உம்மாமார். பாய் இழைத்தும் துணி தைத்தும் இடியப்பம் அவித்து விற்றும் அந்தப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். ஷுஹதாக்கள் தினத்தில் கண்ணீரோடு துஆச் செய்தார்கள். ஆனால் பிள்ளையின் கையில் கத்தியைக் கொடுக்கவில்லை. எந்தச் சித்திரக்கதையும் இவர்களை வரையவில்லை.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் தப்பவில்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நாட்டின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்டவர்களில் பலர், ஞாயிறு வகுப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்த பச்சைப் பிள்ளைகள். அந்தப் பாவத்தைத் தலைமை தாங்கி நடத்தியவன் காத்தான்குடியில் பிறந்தவன். ஊரவர்கள் அவனைப் பற்றி முன்பே முறைப்பாடு செய்திருந்தார்கள் என்பது உண்மை. அவன் செயலுக்கு ஒரு சமூகமே பொறுப்பல்ல என்பதும் உண்மை. ஆனாலும் அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. அவனோடு போனவர்களும் ஒரு காலத்தில் கொப்பிக்குள் கதைப் புத்தகம் ஒளித்த வயதில் இருந்தவர்களே.

இப்போது நாகராஜின் தலைக்குள் இருந்த குளிசையை நினைத்துப் பாருங்கள். யாரோ ஒருவர் ஒரு பிள்ளையின் தலைக்குள் அதை வைக்கிறார். "அவர்கள் எல்லோரும் எதிரிகள்" என்பதே அந்தக் குளிசை. அது ஒரே நாளில் வைக்கப்படுவதில்லை. மெல்ல மெல்ல, பேச்சாலும் படத்தாலும், இன்று தொலைபேசியாலும் வைக்கப்படுகிறது. எடுத்துவிடத் துறவி யாரும் வரப்போவதில்லை. முதலில் அதைக் கண்டுபிடிக்கக் கூடியவர் வீட்டில் இருக்கும் தாய்தான். பிள்ளை திடீரென்று அயல்வீட்டாரோடு பேசுவதை நிறுத்துகிறானா? உறவினரையே காபிர் என்கிறானா? ஒரு சமூகத்தையே மிருகமாகப் பேசுகிறானா? அன்றே உட்கார்ந்து பேசுங்கள். உங்களால் முடியாவிட்டால் நீங்கள் நம்பும் ஒரு பெரியவரை, ஆசிரியரைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள்.

கதை எழுதியவர்களின் கதை

காயம் பட்ட பிள்ளைக்கு வேறு வழியும் உண்டு என்பதற்கு இந்தக் கதைகளை எழுதியவர்களே சாட்சி.

சாச்சா சௌத்ரியை 1971இல் வாசகர்முன் கொண்டுவந்த பிராண், இன்று பாகிஸ்தானில் உள்ள கசூரில் 1938இல் பிறந்தவர். 1947 பிரிவினையில் ஊரையும் வீட்டையும் விட்டு வந்த அகதிப் பிள்ளை. பிரிவினையின் வெறியைக் கண்ட அந்தக் கை, 2014இல் அவர் இறக்கும்வரை சிரிப்பூட்டும் கதைகளையே வரைந்தது.

ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெரி சீகல் என்ற அமெரிக்கர். 1938இல் வெளிவந்த சுப்பர்மேனை நண்பர் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து உருவாக்கியவரும் அவரே. 1932இல் அவருடைய தந்தையின் துணிக்கடைக்குள் திருடர்கள் புகுந்தபோது தந்தை இறந்துபோனார். தந்தையை இழந்த அந்த வாலிபர், குண்டு துளைக்காத ஒரு மனிதனைக் கற்பனை செய்தார்.

பகதூரைப் படைத்த ஆபித் சுர்தி பம்பாயின் டொங்ரிப் பகுதியில் வறுமையில் வளர்ந்தார். உலகப்போர்க் காலம். துறைமுகத்திலிருந்து இரயிலில் போகும் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் கை நீட்டிக்கொண்டு தெருப்பிள்ளைகள் ஓடுவார்கள். ஒருநாள் சிப்பாய் ஒருவன் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றை வீசினான். பிள்ளைகள் பாய்ந்து பிய்த்தார்கள். ஆபிதுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தாள். அந்தத் தாளைப் பார்த்து வரையக் கற்றுக்கொண்டார்!

அவருடைய தாயார் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு வாளி தண்ணீருக்காக வரிசையில் நின்றதை அவர் மறக்கவேயில்லை. எழுபது வயதைக் கடந்தபின், 2007இல், மும்பைக்குப் பக்கத்து மீரா ரோட்டில் ஒரு வேலை தொடங்கினார். ஞாயிறுதோறும் குழாய் திருத்துபவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது. ஒழுகும் குழாய்களைக் காசு வாங்காமல் அடைத்துக் கொடுப்பது. முதல் ஆண்டில் மட்டும் 1,666 வீடுகளுக்குப் போய் 414 குழாய்களைத் திருத்தினார். வீரர்களைப் படைத்தவர் கடைசியில் கையில் எடுத்த ஆயுதம் குழாய்க்குப் போடும் ஒரு சிறு ரப்பர் வளையம்.

நீங்கள் செய்யக் கூடியவை

பிள்ளையின் கையிலிருந்து கதையைப் பறிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். எதைப் பார்க்கிறான் என்பது தெரியாமல் எதைத் திருத்துவது?

சிறு பிள்ளைக்கு, பறப்பதும் நெருப்பில் பாய்வதும் கதையில்தான் என்று தெளிவாகச் சொல்லுங்கள். 1997இல் இந்தியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'சக்திமான்' தொடர் ஓடியபோது, அவன் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தில் குதித்ததாகச் செய்திகள் வந்தன. நாயகனாக நடித்தவரே திரையில் தோன்றி, அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கதை முடிந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இவன் கெட்டவனாக ஆகுமுன் இவனுக்கு என்ன நடந்தது? அந்த நேரம் யார் பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? காரணம் சொல்வது வேறு, நியாயம் சொல்வது வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காயம் பட்டவன் என்பதற்காக அவன் செய்த கொலை சரியாகிவிடாது.

பெண்பிள்ளைகளை இதிலிருந்து ஒதுக்காதீர்கள். 2014 முதல் அமெரிக்காவில் தனிப் புத்தகமாகவே வந்த கமலா கான், பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்த பதினாறு வயது முஸ்லிம் பெண்பிள்ளை. சக்தி கிடைத்த முதல் நாள், தன்னைக் கேலி செய்த பெண்ணே தண்ணீரில் மூழ்குவதைக் காண்கிறாள். அப்போது அவளுக்கு நினைவு வருவது, ஓர் உயிரைக் காப்பதன் பெருமையைச் சொல்லும் அல்-மாயிதா அத்தியாயத்தின் வசனம். வாப்பாவிடம் கேட்டு வளர்ந்த வசனம். காப்பாற்றுகிறாள். பார்த்தீர்களா, வீட்டில் காதில் விழுந்த ஒரு சொல் எந்த நேரத்தில் எழுந்து வருகிறது என்று!

நமது வாவிக்கு எழுவான்கரை ஒன்று, படுவான்கரை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே தண்ணீர். வீரனும் வில்லனும் அப்படித்தான். இருவரும் ஒரே காயத்திலிருந்து புறப்படுகிறார்கள். எந்தக் கரையில் போய் ஏறுகிறார்கள் என்பது, தோணியில் கூட இருந்தவரைப் பொறுத்தது.

ஆகவே, இன்று இரவு உங்கள் பிள்ளை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே, "உம்மா, இவன் ஏன் கெட்டவனா ஆனான்?" என்று கேட்டால், அடுப்பைக் கொஞ்சம் அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருங்கள். ஆணம் பிந்தினால் பரவாயில்லை.